ஜி அண்ட் டி வகுப்பும் இந்தியா மேசையும்

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் மத்திய நியூஜெர்சியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் ஐடி. நான் கணவரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வந்தவள். திருச்சியில் கணக்கு டீச்சராக இருந்தேன். மகன் பக்கத்து அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. வகுப்பில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள்தான் அதிகம். கறுப்பினப் பிள்ளைகள், எகிப்து, பிலிப்பைன்ஸ், குஜராத்தி, தெலுங்கு என்று எல்லாரும் உண்டு. மகனுக்குக் கணக்கு நன்றாக வரும். ஆனால் திறன் மிகுந்த பிள்ளைகளுக்கான ஜி அண்ட் டி (Gifted and Talented) வகுப்புக்கு எடுக்கவில்லை. கேட்டால் "கட் ஆஃப்" என்கிறார்கள். இங்கிலீஷ் வராத பிள்ளைகளுக்கே டீச்சரின் நேரம் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. ரேட்டிங் நன்றாக இருக்கும் ஊருக்கு மாறிவிடுங்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். லீஸ் ஜூனில் முடிகிறது. இதற்கிடையில் மே மாதம் மல்டிகல்ச்சரல் நைட், இந்தியா மேசைக்கு சமோசா கொண்டுவர முடியுமா என்று பிடிஏ-விலிருந்து (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) மெயில். எங்கள் வீட்டில் சமோசா செய்ததே இல்லை. மகனை வேட்டி கட்டி அழைத்துப் போகலாம் என்றால் வரமாட்டேன் என்கிறான். பள்ளி வாசலில் நான் தமிழில் பேசினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இந்தப் பள்ளியிலேயே இருக்கலாமா? அவனுக்குக் கூடுதலாக என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம், நியூஜெர்சி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது, நீங்கள் திருச்சியில் கணக்கு டீச்சராக இருந்தீர்கள் என்ற வரிதான். போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் சொல்லப்போவதில் பாதி அதை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் ஜி அண்ட் டி விஷயத்துக்குக் கெடு, தேதி எல்லாம் உண்டு என்பதால் அதை முதலில் பார்த்துவிடலாம்.

நியூஜெர்சியில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 2020 ஜனவரியில் கையெழுத்தானது. மழலையர் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரைக்கும், திறன் மிகுந்த பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்கு ஏற்றபடி பாடத்தை மாற்றிக் கொடுப்பது ஒவ்வொரு பள்ளி மாவட்டத்தின் கடமை. எல்லாப் பாடத்திலும் பிள்ளை கெட்டியாக இருக்க வேண்டும் என்று இந்த மாநிலத்தின் விதி சொல்லவில்லை. ஒரு பாடத்தில் மட்டும் இருந்தாலும் போதும். யாரோடு ஒப்பிடுவது என்பதையும் சொல்லிவிடுகிறது: அதே மாவட்டத்தில் படிக்கும் அதே வயதுப் பிள்ளைகளோடு. அப்புறம், தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யாமல் பல அளவுகோல்களைப் பார்க்க வேண்டும். எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், எப்போது, என்னென்ன வைத்து என்பதையெல்லாம் மாவட்டத்தின் இணையதளத்தில் போட வேண்டும்.

ஆகவே "கட் ஆஃப்" என்ற ஒற்றைச் சொல்லோடு நீங்கள் திரும்பி வர வேண்டியதில்லை. மாவட்டத்தில் ஜி அண்ட் டி பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு மெயில் போடுங்கள். என் மகனுக்கு எந்தெந்த அளவுகோல்களைப் பார்த்தீர்கள், கணக்குக்கு மட்டும் தனியாகப் பரிசீலிக்க முடியுமா, அடுத்த சுற்று எப்போது என்று கேளுங்கள். உங்கள் மாவட்டம் வைத்தது காக்அட் (CogAT) என்ற திறனறித் தேர்வு என்றால் மதிப்பெண்ணைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். அதில் மொழி, எண், உருவம் என்று மூன்று பகுதி உண்டு. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளைக்கு எண் பகுதியில் நல்ல மதிப்பெண் இருந்தும், மொழிப் பகுதி மொத்தத்தைக் கீழே இழுத்திருக்கலாம். அப்படி இருந்தால் பேச உங்களுக்கு வலுவான காரணம் கிடைத்துவிடும். பதில் திருப்தியாக இல்லையென்றால் கல்வி வாரியத்திடம் முறையாகப் புகார் கொடுக்கலாம். வாரியம் விசாரித்து எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மேலே மாநிலக் கல்வி ஆணையர் வரை போக வழி உண்டு. ஆனால் முதல் அடியே புகாராக இருக்க வேண்டாம். பெரும்பாலும் ஒரு நல்ல மெயிலே போதுமானதாக இருக்கும்.

காக்அட் பயிற்சிப் புத்தகம் வாங்கி அவனை உட்கார வைக்காதீர்கள், தயவுசெய்து. அந்தத் தேர்வு பார்க்க நினைப்பதையே அது மறைத்துவிடும். தவிர, தேர்வாகிவிட்டால் அவனுக்குக் கிடைக்கப்போவது என்ன என்று அளந்து பாருங்கள். நான் வேலை பார்த்த இடங்களில் ஜி அண்ட் டி என்பது பிள்ளையை வகுப்பிலிருந்து தனியாகக் கூப்பிட்டுப் போய் வாரத்தில் ஒன்றிரண்டு பீரியட் நடத்துவதுதான். மீதி நேரமெல்லாம் அவன் இருக்கப்போவது இதே வகுப்பறையில்தான். அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி.

கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ரென்சூலி இதைத்தான் 1970களிலிருந்து சொல்லிவந்தார். சராசரிக்கு மேலான திறன், படைப்பூக்கம், எடுத்த காரியத்தை விடாமல் செய்யும் பற்று ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் இடத்தில்தான் திறமை வெளிப்படுகிறது என்றார். கடைசி இரண்டும் பிறக்கும்போதே எண்ணாக எழுதி வைக்கப்பட்டவை இல்லை. நல்ல வேலை கையில் கிடைத்தால்தான் வெளியே வரும். அதனால், தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்துவந்த செழுமைப் பாடங்களை (என்ரிச்மென்ட்) பள்ளி முழுவதற்கும் திறந்துவிடச் சொன்னார். அதில் ஒரு அங்கம் ஆர்வக் குழுக்கள். வாரத்தில் ஒரு பொழுது, பள்ளி நேரத்துக்குள்ளேயே, வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் கலந்து, ஒரே ஆர்வம் உள்ள ஒரு பெரியவரோடு உட்கார்ந்து ஏதாவது ஒன்றை உருவாக்குவார்கள். மதிப்பெண் கிடையாது. அந்தப் பெரியவர் ஆசிரியராக இருக்கலாம், பெற்றோராக இருக்கலாம். "பள்ளி நேரத்துக்குள்ளேயே" என்பதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். மாலை நேரக் கிளப்புகளுக்குக் கட்டணம் இருக்கும். பள்ளி பஸ்ஸில் போகும் பிள்ளை தங்க முடியாது, இரண்டு வேலை பார்க்கும் அம்மா ஐந்து மணிக்கு வந்து கூட்டிப் போக முடியாது. உங்கள் பள்ளி மாதிரி இடத்தில் யாரெல்லாம் விட்டுப்போவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மற்றப் பிள்ளைகளை ஏன் இழுக்கிறேன் என்று நினைக்கலாம். புளோரிடாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அங்கே ஒரு பெரிய மாவட்டத்தில் ஜி அண்ட் டி-க்குப் பெற்றோரோ ஆசிரியரோ பரிந்துரைத்தால்தான் தேர்வு என்று இருந்தது. 2005வாக்கில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு முதல்கட்டத் தேர்வு வைத்தார்கள். அதன்பின் தேர்வான கறுப்பின, ஹிஸ்பானிக், ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கை பெரிதாக உயர்ந்தது. டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். திறமை அந்தப் பிள்ளைகளிடம் முன்பே இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. பணத் தட்டுப்பாட்டில் அந்த ஏற்பாடு நின்றதும் பழைய இடைவெளியும் திரும்பி வந்துவிட்டது. உங்கள் மகனுக்காகக் கேட்க நீங்கள் இருக்கிறீர்கள். கேட்கிறபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல்கட்டத் தேர்வு உண்டா என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டுவிடுங்கள். உங்களுக்குச் செலவில்லை, வேறு ஒரு வீட்டுக்கு அது வாசல்.

சரி, மல்டிகல்ச்சரல் நைட்டுக்கு வருவோம்.

பிடிஏ-வில் அந்த மெயிலை எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். வேலைக்கும் போய்விட்டு இரவில் உட்கார்ந்து ஐம்பது பேருக்கு மெயில் அனுப்புகிற யாரோ ஒரு அம்மாவாக இருக்கும். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கொடி, உடை, சாப்பாடு என்று நாட்டுக்கு ஒரு மேசை போடும் முறைதான் சரியில்லை என்று நினைக்கிறேன். குஜராத்தியும் தெலுங்கும் தமிழும் ஒரே இந்தியா மேசையில், அதில் ஒருவர் வீட்டிலும் செய்யாத பலகாரம். அப்பா டொமினிகன், அம்மா எகிப்து என்று இருக்கும் பிள்ளை எந்த மேசையில் நிற்கும்? பல தலைமுறையாக இந்த நாட்டிலேயே வாழும் கறுப்பினக் குடும்பத்தின் பிள்ளைக்கு எந்தக் கொடி? இரண்டு மணி நேரம் ஆனதும் மேசையை மடக்கிவிடுவார்கள், மறுநாள் காலை பாடம் எப்போதும்போல நடக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பேங்க்ஸ், பல்கலாசாரக் கல்வியை நான்கு படிகளாகப் பிரித்தார். பண்டிகை, உணவு, பெரிய மனிதர்களின் பெயர் என்று அங்கங்கே தூவுவது அதில் முதல் படி. அடுத்தது இருக்கிற பாடத்தோடு ஒரு அலகைச் சேர்ப்பது, அதற்கும் மேலே பாடத்தையே வேறு கண்ணால் பார்க்க வைப்பது, கடைசியாகப் பிள்ளைகள் தாங்களே ஏதாவது செய்ய இறங்குவது. பெரும்பாலான பள்ளிகள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன.

மேலே ஏறுவது எப்படி என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அரிசோனாவின் டூசானில் நடந்தது. லூயிஸ் மோல் என்ற ஆய்வாளரும் சில பள்ளி ஆசிரியர்களும் 1980களின் கடைசியிலிருந்து மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் வீடுகளுக்குப் போனார்கள். புகார் சொல்லவோ அறிவுரை சொல்லவோ போகவில்லை. இந்த வீட்டில் என்ன தெரியும் என்று கற்றுக்கொள்ளப் போனார்கள். மாடு வளர்ப்பு, சுரங்க வேலை, கட்டட வேலை, மூலிகை, எல்லை தாண்டிய வியாபாரம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது இருந்தது. ஒரு ஆசிரியர், தன் மாணவன் மெக்சிகோ மிட்டாய்களை அக்கம்பக்கத்தில் விற்பதைப் பார்த்தார். அதை வைத்தே வகுப்பில் ஒரு பாடம் அமைத்தார். ஒரு மாணவரின் அம்மா வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டினார். பிள்ளைகள் உட்பொருள்களை ஒப்பிட்டார்கள், கணக்குப் போட்டார்கள், விலை வைத்தார்கள், விளம்பரம் எழுதினார்கள். அதுவரை "படிப்பில்லாத வீடு" என்று பேசப்பட்ட வீடுகள் பாடத்துக்கு மூலமாகின. இதில் எது செழுமைப் பாடம், எது பல்கலாசாரம் என்று உங்களால் பிரிக்க முடிகிறதா? என்னால் முடியவில்லை. உங்கள் கடிதத்தில் இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகளாக இருக்கின்றன. எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகிறது.

இப்போது உங்கள் வீட்டில் என்ன தெரியும் என்று பார்ப்போம். நீங்கள் கணக்கு டீச்சர். நிச்சயம் கோலமும் போடத் தெரிந்திருக்கும்.

ஒரு தாளில் 3×4 என்று நேர்ப்புள்ளி வையுங்கள். புள்ளிகளுக்கு ஊடே சாய்வாகப் போய், ஓரத்தில் வளைந்து திரும்பி வரும் சாதாரணச் சிக்குக் கோலம் போடுங்கள். பென்சிலை எடுக்காமல் ஒரே கம்பியாகச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும். அடுத்து 4×4 வையுங்கள். கம்பி சீக்கிரமே மூடிக்கொள்ளும். சில புள்ளிகளைச் சுற்ற மீதி இருக்கும். இன்னொரு கம்பி, இன்னொன்று என்று மொத்தம் நான்கு தேவைப்படும். 4×6 வைத்தால் இரண்டு கம்பி. 5×6 வைத்தால் ஒன்று. 3×6 என்றால் மூன்று. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நிறம் என்று கலர் பென்சில் கொடுத்துவிட்டால் எட்டு வயதுப் பிள்ளையும் தானே எண்ணிவிடும். ஒரு அட்டவணை போட்டு, எத்தனை கம்பி என்பதை முன்கூட்டியே சொல்ல வழி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். வகுப்பில் அந்த நேரத்தில் வரும் சத்தம் உங்களுக்கே தெரிந்ததுதான். "ரெண்டு நம்பரும் ஒண்ணா இருந்தா அதே நம்பர்" என்று ஒரு குரல் வரும். "பக்கத்துப் பக்கத்து நம்பர்னா எப்பவும் ஒண்ணு" என்று இன்னொன்று. அவர்கள் தேடிக்கொண்டிருப்பது மீப்பெரு பொதுக் காரணி. இங்குள்ள பாடத்திட்டத்தில் காரணிகள் வருவது நான்காம் வகுப்பில், மீப்பெரு பொதுக் காரணி வருவது ஆறாம் வகுப்பில். பெயரைச் சொல்லாமலே மூன்றாம் வகுப்புப் பிள்ளை அங்கே போய் நிற்கும்.

இது வெறும் விளையாட்டு என்று யாராவது நினைத்தால், சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய சகாக்களும் 1970களிலேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதி ஆய்விதழ்களில் வெளியிட்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். அங்கோலாவின் கிழக்குப் பகுதியில் சோக்வே என்ற மக்கள் மணலில் விரலால் புள்ளி வைத்து, கதை சொல்லிக்கொண்டே புள்ளிகளைச் சுற்றிக் கோடு இழுப்பார்கள். அதற்குப் பெயர் சோனா. மொசாம்பிக்கில் வாழ்ந்த கணிதவியலாளர் பவுலஸ் கெர்டஸ் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்; நம் கோலத்தோடும் ஒப்பிட்டு எழுதினார். இரண்டிலும் கம்பி எண்ணிக்கைக்கு அதே விதிதான். நம் ஊரில் பெண்கள் மாவில் போடுவதை அங்கே ஆண்கள் மணலில் போடுகிறார்கள். பழைய ஐரிஷ் கையெழுத்துப் பிரதிகளின் ஓரத்தில் வரும் முடிச்சு வேலைப்பாடும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இப்படி ஒரு குழு நடத்தினால் கோலம் "இந்தியாவின் அலங்காரம்" என்று மேசையில் உட்கார்ந்திருக்காது. வெவ்வேறு கண்டங்களின் மனிதர்கள் ஒரே கணக்கைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே பார்ப்பார்கள். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். சோனாவைச் சொல்லும்போது வகுப்பின் கறுப்பினப் பிள்ளைகள் பக்கம் திரும்பி "இது உங்களுடையது" என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் மகனிடம் யாராவது சமோசாவைப் பற்றி விளக்கச் சொன்னால் அவனுக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும் இருக்கும். எந்தப் பிள்ளையும் ஒரு நாட்டின் தூதுவராக வகுப்பில் உட்கார்ந்திருக்கவில்லை.

முதல்வரிடம் பேசும்போது 2022 ஜனவரியில் வந்த இன்னொரு சட்டமும் கைகொடுக்கும். ஆசிய அமெரிக்கர்களின் வரலாறும் பங்களிப்பும் மழலையர் வகுப்பு முதல் 12ஆம் வகுப்புவரை பாடத்தில் இடம்பெற வேண்டும் என்கிறது அது. இல்லினாய்ஸுக்கு அடுத்தபடியாக இதைச் சட்டமாக்கிய மாநிலம் நியூஜெர்சிதான். சட்டம் வந்துவிட்டது, ஆனால் வகுப்பில் எதைச் செய்வது என்று ஆசிரியர்கள் தேடுகிறார்கள். கையில் ஆயத்தமான பாடத்தோடு வரும் பெற்றோரை அவர்கள் வேண்டாம் என்று சொல்வது அபூர்வம். கோலத்தோடு விளக்கு, பூஜை எதையும் கொண்டுபோகாதீர்கள். மதத்தைப் பற்றிக் கற்பிக்கலாம், மதச் சடங்கை அரசுப் பள்ளியில் நடத்தக் கூடாது என்பது இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1963இல் தெளிவாக்கிய எல்லை. அது உங்கள் மகனையும் காக்கும் எல்லைதான்.

மே மாத இரவுக்கு நேரம் இருக்கிறது. பிடிஏ கூட்டத்துக்குப் போய், நாட்டு மேசைகளோடு ஒரே ஒரு மேசையை வேறு மாதிரி வைக்கலாமா என்று கேளுங்கள். "உங்கள் வீட்டில் அரிசியை என்ன செய்வீர்கள்" என்று ஒரு கேள்வி மேசை போதும். பொங்கல் இருக்கும். போர்ட்டோ ரிக்கோ வீட்டிலிருந்து துவரை போட்ட சாதம் வரும். எகிப்து வீட்டிலிருந்து அரிசியும் பருப்பும் மக்ரோனியும் கலந்த கோஷரி வரும். தென் கரோலினாவின் நெல் வயல்களை உருவாக்கியது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பும் அறிவும்தான் என்ற வரலாறும் அந்த மேசைக்கு வரும். துவரையைப் பார்த்ததும் நீங்களும் போர்ட்டோ ரிக்கோ அம்மாவும் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். ஸ்பானிஷ் மட்டும் பேசும் பெற்றோர் திட்டமிடும் கூட்டத்துக்கே வருவதில்லை என்றால், மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யச் சொல்லிப் பள்ளியைக் கேளுங்கள். சமைத்துக் கொடுப்பவர்களாக மட்டும் அவர்களை வைத்திருப்பது நியாயமில்லை.

இங்கிலீஷ் வராத பிள்ளைகளால் உங்கள் மகனுக்கு நேரம் குறையுமோ என்ற பயத்துக்கு வருகிறேன். எல்லாப் பெற்றோருக்கும் வருகிற பயம்தான், மனதில் வைத்துக்கொள்ளாமல் கேட்டது நல்லது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் இஎஸ்எல் ஆசிரியர் தனியாக உண்டு. ஒரு மாவட்டத்தில் ஒரே மொழி பேசும் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இருமொழி வகுப்பே நடத்த வேண்டும் என்பது இந்த மாநிலத்தின் சட்டம். அந்த உதவி சரியாகக் கிடைக்கிற பள்ளியில் வகுப்பாசிரியரின் நேரமும் காப்பாற்றப்படும். கிடைக்காவிட்டால், நீங்களும் அந்தப் பெற்றோரும் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம் அது. உங்கள் நலனும் அவர்கள் நலனும் அங்கே ஒன்றுதான். இன்னொன்றும் விசாரியுங்கள்: மாவட்டத்தில் ஸ்பானிஷ்-ஆங்கில இருவழி வகுப்பு ஏதாவது இருக்கிறதா? 1963இல் மயாமியின் கோரல் வே தொடக்கப்பள்ளியில், கியூபாவிலிருந்து வந்த பிள்ளைகளையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்து இரண்டு மொழியிலும் பாடம் நடத்தினார்கள். இன்று நாடு முழுவதும் அந்த முறை பரவியிருக்கிறது. அங்கே பாதி நாள் ஸ்பானிஷ் பிள்ளைதான் வகுப்புக்கு வழிகாட்டி. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கு மூன்றாவது மொழி அவ்வளவு பாரமாக இருக்காது.

ரேட்டிங் பற்றி நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். வீடு தேடும் தளங்களில் வரும் அந்த எண் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணைச் சுற்றியே இருக்கிறது. தேர்வு மதிப்பெண்ணோ பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டியே போகும். அந்த எண்ணுக்காக நீங்கள் கூடுதல் வாடகை கொடுத்தால், பக்கத்து வீட்டாரின் சம்பளத்துக்குத்தான் விலை கொடுக்கிறீர்கள். பள்ளி என்ன கற்றுக்கொடுத்தது என்பதை அறிய, மாநிலக் கல்வித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பள்ளிச் செயல்திறன் அறிக்கையில் மாணவர் வளர்ச்சி என்ற பகுதியைப் பாருங்கள். முன்பு இதே மாதிரி மதிப்பெண் எடுத்த பிள்ளைகளோடு ஒப்பிட்டு ஒரு பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்று அது சொல்லும். 50ஐ ஒட்டி இருந்தால் சராசரி, அதைத் தாண்டிப் போனால் நல்லது. மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பில் தொடங்குவதால் இந்தக் கணக்கு நான்காம் வகுப்பிலிருந்து கிடைக்கும். ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் நாடு முழுக்க உள்ள மாவட்டங்களை இப்படிப் பார்த்தபோது, பணக்கார மாவட்டம் என்றால் வளர்ச்சியும் அதிகம் என்று சொல்ல முடியவில்லை. ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள சிகாகோவில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள், ஐந்து ஆண்டில் ஆறு ஆண்டுக்கான வளர்ச்சி இருந்தது.

இதற்காக, என்ன ஆனாலும் அதே பள்ளியில் இருங்கள் என்று நான் சொல்லவில்லை. வளர்ச்சி எண் தொடர்ந்து சில ஆண்டுகளாகக் கீழே இருக்கிறது, கணக்கில் முந்திப் போகும் பிள்ளைக்கு வகுப்பில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் ஆசிரியரிடம் பதில் இல்லை, முதல்வரைச் சந்திக்கவே முடியவில்லை என்றால் தயங்காமல் மாறுங்கள். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. ஆனால் ஜூனுக்கு முன்னால் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நண்பர்கள் சொன்னார்கள் என்பதற்காக வேண்டாம்.

மகன் தமிழில் பேச மறுப்பது எட்டு, ஒன்பது வயதில் சகஜம். வாசலில் அவனோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அங்கே இரண்டு வார்த்தை இங்கிலீஷில் பேசிவிட்டு, கார் கதவு மூடியதும் தமிழுக்கு வந்துவிடுங்கள். வேட்டி அவன் விருப்பம். வீட்டிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியிலும் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நீங்கள் வகுப்பில் கோலம் நடத்துகிற அன்று அவன் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கலாம். கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டும் இருக்கலாம். இரண்டாவது நடந்தாலும் மனம் தளராதீர்கள், அடுத்த வாரமும் போங்கள். முன்கூட்டியே அவனிடம் கேட்டுவிட்டுப் போவது மட்டும் அவசியம். முடிந்தால் அவன் வகுப்பை விட்டுவிட்டு நான்காம் வகுப்பில் தொடங்குங்கள். அவன் நண்பர்கள் கேள்விப்பட்டு வந்து சொல்லட்டும்.

நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று: பள்ளி அலுவலகத்தில் தன்னார்வலர் படிவம் கேட்டு வாங்குங்கள். சம்பளமில்லாமல் மகனின் பள்ளியில் உதவுவதற்கு ஹெச்-4 பொதுவாகத் தடையில்லை. சில மாவட்டங்களில் கைரேகை, பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் உண்டு. அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அது நடந்துகொண்டிருக்கும்போதே முதல்வருக்கு ஒரு மெயில் போடுங்கள்: நான் கணக்கு ஆசிரியராக இருந்தவள், மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு நாற்பது நிமிடப் பாடம் ஒன்று வைத்திருக்கிறேன், பதினைந்து நிமிடம் நேரில் காட்ட முடியுமா என்று. போகும்போது புள்ளி வைத்த தாள்களும் கலர் பென்சில்களும் எடுத்துப் போங்கள். விளக்கிக்கொண்டிருக்காமல் 4×6 தாளை முதல்வர் கையிலேயே கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.